குனிந்து பார்ப்பவர்களுக்கு ஒரு ஸ்டால்

வாசகர் கேள்வி:

மேடைத் தளங்கள், அவற்றுக்கான கால்கள், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றைச் செய்து விற்கும் சிறிய பட்டறை எங்களுடையது. நான், தம்பி, மூன்று பணியாளர்கள் என மொத்தம் ஐந்து பேர். விளக்குகளைத் தொங்கவிடும் அலுமினியச் சட்டமான ட்ரஸ்ஸும் வாங்கி விற்கிறோம். இதுவரை இரண்டு தொழில் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டோம். முதல் முறை 3-க்கு 3 மீட்டர், அடுத்தது 6-க்கு 3. இரண்டாவதில் ட்ரஸ், விளக்கு, புகை எல்லாம் வைத்து ஒரு நிகழ்ச்சி மேடையையே கட்டினோம். கூட்டம் நன்றாக வந்தது, 180 விசிட்டிங் கார்டுகள் சேர்ந்தன. ஆர்டராக மாறியவை இரண்டே. ஸ்டாலை அக்கா மகன் பார்த்துக்கொண்டான். தம்பி பட்டறையில் இருந்தான். இப்போது நான்கு பக்கமும் திறந்த 6-க்கு 6 இடத்தைச் சலுகை விலையில் தருகிறோம் என்று அமைப்பாளர்கள் கேட்கிறார்கள். பெரிதாகப் போட்டால்தான் கண்ணில் படுவோம் என்கிறான் அக்கா மகன். தம்பியோ கண்காட்சியே வேண்டாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். போங்கள், ஆனால் 3-க்கு 3 இடத்துக்கே திரும்பிப் போங்கள். கிடைத்தால் இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டாலாகக் கேளுங்கள். அப்புறம், கண்காட்சியே வேண்டாம் என்கிற தம்பியைக் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் அந்த 180 கார்டுகள். கூட்டம் எதற்காக வந்தது என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: ட்ரஸ், விளக்கு, புகை. புகைக்கு வந்தவர்கள் புகை அடங்கியதும் போய்விடுவார்கள். நம் தொழிலில் நன்றாகப் பேசுகிறவர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர். நிகழ்ச்சி தயாரிப்பாளர் வந்து தட்டிக் கொடுத்து, பிரமாதம் என்று சொல்லிக் கார்டும் கொடுப்பார். அவர் மேடையை வாடகைக்கு எடுப்பவர். தளம் வாங்கிக் கிடங்கில் அடுக்குகிறவர் இல்லை. வாங்குகிறவர்கள் வாடகை நிறுவனங்களின் சரக்குப் பொறுப்பாளர்கள், அரங்குகளின் தொழில்நுட்ப மேலாளர்கள், சில பள்ளி கல்லூரிகள். இவர்களிடம் சிரிப்பு குறைவு. வந்து நின்று, 'ஒரு தளம் எத்தனை கிலோ? ஒரு தள்ளுவண்டியில் எத்தனை அடுக்கலாம்? காலுக்கு என்ன குழாய்? என்னிடம் இருக்கிற பழைய தளத்தோடு பூட்டுமா?' என்று வறட்டுக் கேள்விகளாகக் கேட்பார்கள். விளக்குக்கும் புகைக்கும் நடுவே அக்கா மகனால் இதற்குப் பதில் சொல்ல முடிந்திருக்குமா? ஒரு தளம் எத்தனை கிலோ என்று இப்போது அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தால், 180 கார்டுகளின் கதை புரிந்துவிடும்.

என் முதல் கண்காட்சியில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். தளங்கள் ஒரு பெட்டியிலும் கால்கள் வேறு பெட்டியிலும் போயின. கால் பெட்டியைச் சரக்கு நிறுவனம் வேறு எங்கோ இறக்கிவிட்டது. முதல் நாள் முழுக்கக் கால் இல்லாத தளங்களோடு நின்றேன். தரையில் போட்டால் பலகை மாதிரி இருக்கிறதே என்று எரிச்சலில் இரண்டைத் தூக்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. மேல்முகம் கீறல் படக் கூடாதே என்றுதான் அப்படித் திருப்பினேன், வேறு யோசனை எதுவும் இல்லை. மதியத்துக்குள் ரிக்கர்களும் (ட்ரஸ்ஸையும் விளக்கையும் உயரத்தில் தூக்கிக் கட்டுகிறவர்கள்) மேடை கட்டுகிற ஆட்களும் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் உட்கார்ந்தே பார்த்தார். மூலையில் கால் செருகும் இடத்தை விரலால் தடவினார், பற்றவைப்பைப் பார்த்தார், கேள்வி எதுவும் கேட்காமல் போய்விட்டார். மறுநாள் தன் முதலாளியோடு வந்தார். கால்கள் அதற்குள் வந்துவிட்டன. தளத்தை நிமிர்த்தி, கால் பூட்டி, மேலே கம்பளமும் விரித்திருந்தேன். 'நேற்று மாதிரி திருப்புங்கள்' என்றார்.

எல்லாரும் மேலே பார்க்கிற தொழிலுக்கு நாம் பொருள் விற்கிறோம், ஆனால் நம் பொருளை வாங்குகிறவர் குனிந்து அடியில் பார்க்கிறவர். பார்வையாளர் கண்ணுக்காகக் கட்டுகிற மேடையில் அடிப்பக்கத்தைத் திரை போட்டு மறைப்போம். அதே பழக்கத்தில் கண்காட்சியிலும் கறுப்புத் துணியைச் சுற்றிவிட்டால் விற்க வேண்டியதையே மறைத்துவிட்டோம். உங்கள் 6-க்கு 3 ஸ்டாலிலும் சுற்றுத் துணி இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

சரி, 3-க்கு 3 இடத்தில் என்ன வைப்பது?

ஒரு தளம், கால் பூட்டி, துணி இல்லாமல். அதை ஆடாமல் நிற்க வைப்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வேலை. அரங்கத் தரையில் கேபிள் கால்வாய் மூடிகள் இருக்கும், அதன் மேல் கம்பளம். ஒரு கால் மூடியின் விளிம்பில் நின்றால் தளம் தள்ளாடும். வருகிறவர் ஏறி ஒரு குதி குதிப்பார். சொல்லிவைத்தது போல எல்லாரும் குதிப்பார்கள். தரைதான் கோணல் என்று நீங்கள் விளக்கம் சொல்லலாம், காலுக்குள் போன சேதி போனதுதான். திருகி உயரம் மாற்றும் பாதங்களும் மெல்லிய ரப்பர் தகடுகளும் நிறைய எடுத்துப் போங்கள். திறப்பதற்கு முன் ஒவ்வொரு நாள் காலையும் நீங்களே ஏறிக் குதித்துப் பாருங்கள்.

இரண்டாவது தளம் தலைகீழாக, இடுப்பு உயரத்தில் ஒரு தாங்கி மேல். முதுகு வலிக்காமல் அடிப்பக்கத்தைப் பார்க்கட்டும்.

மூன்றாவது, நடுவில் அறுத்த தளம். பிர்ச் மர ஒட்டுப்பலகை எத்தனை அடுக்கு, 18 மில்லிமீட்டரா அதற்குக் குறைவா, மேலே ஒட்டியிருக்கும் வழுக்காத பூச்சு எவ்வளவு கனம், அலுமினியச் சட்டத்தின் சுவர் எவ்வளவு, பலகை ஓரம் ஈரம் குடிக்காமல் எப்படி மூடியிருக்கிறது, எல்லாம் ஒரே வெட்டில் தெரியும். சிற்றேட்டில் நான்கு பக்கம் எழுதினாலும் இது வராது. பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யாமல் இல்லை. ஆனால் பளபளப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நீங்கள் கையில் கொடுங்கள்.

ட்ரஸ் நீங்கள் செய்வதில்லை, வாங்கி விற்கிறீர்கள். அதனால் கோபுரம் கட்டாதீர்கள். ஒரு மூட்டு போதும்: அரை மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, நடுவில் கூம்பு வடிவ இணைப்பு, ஊசி, பாதுகாப்புக் கிளிப், பக்கத்தில் ஒரு செம்புச் சுத்தியல். ரிக்கர் கை சும்மா இருக்காது, ஊசியை அடித்துப் பார்ப்பார். (பக்கத்து ஸ்டால்காரர் இரண்டாம் நாள் சண்டைக்கு வருவார். முதல் நாளே போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.) பற்றவைப்பையும் பார்ப்பார்கள். 6082 வகை அலுமினியம் சூடு பட்ட இடத்தில் வலு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தத் தொழிற்சாலை, எந்தத் தரச் சான்று, சுமை அட்டவணை எங்கே என்று கேட்பார்கள். விற்பவராக இருந்தாலும் அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சுமை என்றதும் ஒன்று. '1.5 டன் தாங்கும்' என்று பேனரில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 2-க்கு 1 மீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 750 கிலோ தாங்கும் என்றால் கணக்குக்கு 1,500 கிலோ வருகிறது, உண்மைதான். ஆனால் அது தளம் முழுக்கச் சீராகப் பரவிய எடைக்கு. ஒரு பெரிய பியானோவின் சக்கரம் நிற்கும் ஒரே புள்ளிக்கு என்ன எண்? இருபது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் பக்கவாட்டில் என்ன விசை வரும், அதற்குக் குறுக்குக் கம்பி எங்கே? பொறியாளர் வந்தால் இதைத்தான் கேட்பார். மேடை சுமை தாங்காமல் மட்டும் விழுவதில்லை, பக்கவாட்டில் சாய்ந்தும் விழும் என்பது அவருக்குத் தெரியும். பரவிய சுமை, புள்ளிச் சுமை, பக்கவாட்டு விசை, எந்தக் கால் உயரத்துக்கு எந்தப் பிடிமானம் என்று நான்கையும் ஒரே தாளில் அச்சடித்து, யார் சோதித்தார்கள் என்பதையும் போட்டு வையுங்கள். சோதனை அறிக்கை இல்லையென்றால் இந்த ஆண்டு ஸ்டால் காசை அதற்குச் செலவழியுங்கள், கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு போகலாம். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தத் தாள் இல்லாமல் எத்தனை மீட்டர் இடம் எடுத்தாலும் பெரிய வாடகை நிறுவனம் எதுவும் உங்களிடம் வாங்கப் போவதில்லை.

'பழையதோடு பூட்டுமா' என்ற கேள்விக்கும் தயாராக இருங்கள். வாடகை நிறுவனத்திடம் ஏற்கனவே இருநூறு முந்நூறு தளம் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களுடையதை வாங்க மாட்டார்கள், சேர்ந்து நிற்பதைத்தான் வாங்குவார்கள். மீட்டர் கணக்கில் 2-க்கு 1, அடிக் கணக்கில் 8-க்கு 4. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீளத்திலேயே 44 சென்டிமீட்டர் இடிக்கும். நீங்கள் எந்தக் கணக்கு என்பதைப் பேனரின் முதல் வரியில் போடுங்கள். கால் 48.3 மில்லிமீட்டர் சாரக்குழாய் என்றால் அதையும் போடுங்கள், ஏனென்றால் அந்தக் குழாய் எல்லாரிடமும் இருக்கிறது. 'மேடைக்குத் தேவையான அனைத்தும்' என்பது போன்ற வரியைப் படிக்க யாரும் நிற்பதில்லை. 'உங்கள் பழைய தளத்துக்கு உதிரிக் கால், கோண வடிவத் தளம், வளைவுத் தளம் செய்து தருகிறோம்' என்று போட்டால் வேண்டியவர் நிற்பார். பெரிய உற்பத்தியாளர் பத்துப் பன்னிரண்டு தளத்துக்காக அச்சு மாற்ற மாட்டார். நீங்கள் மாற்றுவீர்கள். ஐந்து பேர் பட்டறைக்கு இருக்கிற ஒரே பெரிய பலம் அதுதான், அதை ஏன் புகையில் மறைக்கிறீர்கள்?

இப்போது அந்த 6-க்கு 6. இடத்துக்கான கட்டணம் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. மீதி சரக்குப் போக்குவரத்து, மின்சாரம், கம்பளம், ஆள், தங்குமிடம். ஆக, சலுகை மூன்றில் ஒரு பங்கில்தான் கிடைக்கிறது. மற்ற இரண்டு பங்கும் இடத்தோடு சேர்ந்து வளரும். நான்கு பக்கமும் திறந்த இடத்தில் சாய்த்து வைக்கச் சுவர் இல்லை, எல்லாமே சொந்தக் கட்டுமானம். நான்கு பக்கமும் ஆள் வேண்டும். உங்கள் ஐந்து பேரும் அங்கே நின்றால் பட்டறைக்குப் பூட்டு. ஒரு உருப்படியான பேச்சுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்; ஒருவர் மணிக்கு நான்கைந்து பேரோடு பேசலாம். இடம் இதைக் கூட்டாது.

உயரமாகக் கட்டினால் கண்ணில் படலாமே என்று அக்கா மகன் சொல்வார். அரங்கக் கூரையிலிருந்து எதையும் நீங்களே தொங்கவிட முடியாது. பெரிய அரங்குகளில் பெரும்பாலும் அவர்கள் நியமித்த ரிக்கிங் ஒப்பந்ததாரர்தான் தூக்குவார்; தனிக் கட்டணம், முன்கூட்டியே வரைபடம். நாமே ரிக்கிங் சாமான் விற்பவர்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பிரிட்டன் அரங்குகளின் விதிகளில் 4 மீட்டரைத் தாண்டும் கட்டமைப்பும், 600 மில்லிமீட்டருக்கு மேல் உயரும் மேடையும் சிக்கலான கட்டமைப்பு என்ற பட்டியலில் வரும். பொறியாளர் கணக்கு கேட்பார்கள். அமெரிக்கக் கண்காட்சிகளில் வரிசை ஸ்டாலின் பின்சுவர் 8 அடி, முன்பாதியில் 4 அடிக்கு மேல் எதுவும் கூடாது என்பது வழக்கமான விதி. பக்கத்து ஸ்டாலை மறைக்கக் கூடாதாம். முன்னால் ட்ரஸ் தூண் நிறுத்தினால் திறக்கும் அன்று காலையே பிரிக்கச் சொல்வார்கள். அமைப்பாளரே கட்டித் தரும் ஆயத்தச் சுவர் ஸ்டால் எடுத்தால் அந்தச் சுவர்த் தட்டிகள் எடை தாங்காது, தளத்தை நான் செய்த மாதிரி அதில் சாய்க்காதீர்கள். என் காலத்தில் பின்னால் நிஜச் சுவர் இருந்தது.

வெளிநாட்டுக் கண்காட்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என்றாவது யோசிப்பீர்கள். பிராங்க்பர்ட்டின் ப்ரோலைட் அண்ட் சவுண்ட், லாஸ் வேகஸின் எல்டிஐ, லண்டனின் பிளாசா போன்றவற்றுக்கு முதல் தடவை ஸ்டால் இல்லாமல், பார்வையாளராகப் போங்கள். அதன் பிறகு சரக்கோடு போவதானால் இரண்டு விஷயம். விற்காமல் திரும்பக் கொண்டுவரும் மாதிரிப் பொருட்களுக்கு வணிக சங்கங்கள் வழியாக ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் வாங்கினால், அதை ஏற்கும் நாடுகளில் சுங்கவரி கட்டாமல் உள்ளே போய் வெளியே வரலாம், ஓராண்டு செல்லும். பட்டியலில் உள்ள ஒரு தளத்தை அங்கேயே விற்றுவிட்டால் வரி கேட்பார்கள். அடுத்தது பெட்டி. முழு மரச் சட்டப் பெட்டி என்றால், மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி உள் மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும் அல்லது பூச்சி கொல்லும் புகையூட்டல் போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தியிருக்க வேண்டும்; முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை. ஆகவே ஒட்டுப்பலகையில் செய்த ஃபிளைட் கேஸ் பெட்டியிலேயே அனுப்புங்கள். மூடியைக் கவிழ்த்தால் ஸ்டாலில் மேசையும் ஆகிவிடும். அமெரிக்காவில் அரங்க வாசலிலிருந்து ஸ்டால் வரை சரக்கு நகர்த்துவதற்கே நூறு பவுண்டுக்கு இவ்வளவு என்று எடை போட்டு வாங்குவார்கள். ஒரு தளம் எத்தனை கிலோ என்று அக்கா மகனிடம் கேட்கச் சொன்னேனே, இதற்கும் அது தேவைப்படும்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். தம்பியை ஏன் பட்டறையில் விட்டுவிட்டுப் போனீர்கள்? பேச வராது என்று நினைத்திருக்கலாம். வாங்க வருகிறவருக்கும் அவ்வளவாகப் பேச வராது. பற்றவைத்தவன் கை நீட்டி, 'இந்த மூலை முன்பு விரிசல் விட்டது, அதனால் தகடு கனத்தைக் கூட்டினோம்' என்று சொன்னால் அது போதும். ஒரு குறையைத் திருத்திய கதையை வெளிப்படையாகச் சொல்லுகிற ஸ்டால்களை நான் மூன்றோ நான்கோதான் பார்த்திருக்கிறேன். அக்கா மகனையும் விட வேண்டாம். அவர் நடைபாதை ஓரம் நிற்கட்டும், யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு, வேண்டியவரைத் தம்பியிடம் அனுப்பட்டும். கார்டு வாங்கினால் பின்புறம் அவர் கேட்ட கேள்வியை எழுத வேண்டும். கேள்வி எழுதாத கார்டு பெயர்ப்பலகைதான். கண்காட்சி முடிந்து மூன்று நாளுக்குள் அந்தக் கேள்விக்கான பதிலும் சுமைத் தாளும் போய்விட வேண்டும். 'எங்கள் ஸ்டாலுக்கு வந்ததற்கு நன்றி' என்ற பொதுக் கடிதத்தை நானும் அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் பதில் போட்டதில்லை.

கண்காட்சி திறப்பதற்கு முந்தைய நாளை விட்டுவிடாதீர்கள். ஸ்டால் கட்டும் நாளில் அரங்கம் முழுக்க நம் வாடிக்கையாளர்கள்தான்: மேடை கட்டுகிறவர்கள், ஒப்பந்ததாரர்கள், விளக்குக்காரர்கள். யாருக்காவது ஒரு பாதம் குறையும், ஒரு படி குறையும். உதிரிப் பாதங்கள் ஒரு டப்பா கூடுதலாக எடுத்துப் போங்கள். கேட்பவருக்குக் கொடுங்கள், ஆனால் உங்கள் குழாய்க்குப் பொருந்துகிற மேடைக்கு மட்டும். பொருந்தாததை முட்டுக்கொடுத்துச் சமாளிக்கக் கொடுத்துவிட்டு, நாளை அது சரிந்தால் உங்கள் பெயர்தான் அடிபடும். எனக்கு நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தது இப்படி ஒரு மாலையில்தான். ஸ்டால் திறக்கவே இல்லை அப்போது.

அமைப்பாளருக்கு நாளைக்கே எழுதுங்கள். 3-க்கு 3 மூலை இடம், சரக்கு இறக்கும் வாசல் எந்தப் பக்கம், அந்த இடத்தில் தூணோ தீயணைப்புக் குழாயோ கேபிள் மூடியோ வருகிறதா, வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். சலுகைக்குக் கடைசித் தேதி சொல்லி அவசரப்படுத்துவார்கள். மெதுவாகவே இருங்கள்.

தம்பியிடம் ஒரு தளத்தை அறுக்கச் சொல்லும்போது முகம் சுருங்கும். ஓரம் அடிபட்ட பழைய தளமாகப் பார்த்து எடுத்து வருவார். வேண்டாம், விற்பனைக்கு அடுக்கியிருக்கிறதில் மேலே இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். அறுத்த முகத்துக்குப் பாலிஷ் எதுவும் போட வேண்டாம். அலுமினிய ஓரத்தில் பிசிர் மட்டும் நன்றாக எடுத்துவிடட்டும், தடவிப் பார்க்கிறவர் விரல் கிழியக் கூடாது.